ஆர்வியில் ஊர் சுற்றுவோருக்குத் தற்காப்புத் துப்பாக்கி: எதை முதலில் முடிவு செய்வது

அமெரிக்காவில் ஆர்வி (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பயண வண்டி) வாங்கிக் கிளம்புபவர்கள் பலர் முதலில் துப்பாக்கிக் கடைக்குப் போகிறார்கள். எந்த வழியாகப் போவது என்பதைப் பிறகுதான் யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. வீட்டில் வைக்கும் துப்பாக்கிக்கு ஒரே மாநிலச் சட்டம்தான். ஆர்வியில் காலையில் ஒரு சட்டத்தின் கீழ் காபி குடித்துவிட்டு, மாலையில் வேறொரு சட்டத்தின் கீழ் வண்டியை நிறுத்துவீர்கள். வீட்டுச் சுவர் வேறு, ஆர்வியின் சுவர் வேறு. அதனால் வழித்தடம், சுவர், பூட்டும் பெட்டி ஆகிய மூன்றையும் தீர்மானித்த பிறகு எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு வாருங்கள். அதற்குள் பாதி விடை தானாகவே கிடைத்திருக்கும்.

முதல் படி: நீங்கள் வைத்திருக்கலாமா?

தமிழ்க் குடும்பங்கள் இதை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. பயிற்சிக் கூடத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவருக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

சிக்கல் பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான் வருகிறது. கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி எச்-4, ஊரிலிருந்து பி-2 விசாவில் வந்த மாமனார் மாமியாரும் அதே வண்டியில் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி கணவருடையதே ஆனாலும், மற்றவர்கள் நினைத்தபோது எடுக்கும்படி இருந்தால் அவர்களும் ‘வைத்திருப்பவர்’ என்று கருதப்பட வாய்ப்புண்டு. பெட்டியின் எண் பூட்டு கணவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். சாவியைக் கொக்கியில் தொங்கவிடக் கூடாது. விசா நிலை இன்னும் முடிவாகாதவர்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். ஒரு தவறு நாடு கடத்தல் வரை கொண்டுபோகும்.

குடும்ப வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கும் கூட்டாட்சித் தடை உண்டு, அது சிறு குற்றமாகப் பதிவாகியிருந்தாலும் சரி. மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும், கூட்டாட்சிச் சட்டம் அதைப் பயன்படுத்துபவரைத் தடைப்பட்டோர் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

இரண்டாம் படி: வழியை வரையுங்கள்

வரைபடத்தை விரித்து, கால் வைக்கும் ஒவ்வொரு மாநிலத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல உங்கள் மாநிலம் தந்த உரிமத்தை அங்கே ஏற்கிறார்களா? மேகசினில் (துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் கூட்டில்) எத்தனை தோட்டா வரை? எந்த வகைத் துப்பாக்கி தடை? வண்டிக்குள் எப்படி வைக்க வேண்டும்? விடைகளை அந்தந்த மாநிலக் காவல்துறை அல்லது அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் பக்கத்திலேயே பாருங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடி பாருங்கள், ஏனென்றால் சட்டமன்றமும் நீதிமன்றமும் இவற்றை அடிக்கடி மாற்றுகின்றன.

2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அந்த மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் தேவையில்லாத மாநிலத்தில் உரிமமின்றிச் செல்பவருக்கு அந்த விலக்கு கிடையாது. ஊர்களின் நடுவே போகும் நெடுஞ்சாலையில் எத்தனை பள்ளிகளைக் கடப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆகவே வண்டி ஓடும்போது துப்பாக்கி காலியாகப் பெட்டிக்குள் இருப்பதே எல்லா ஊருக்கும் பொருந்தும் பழக்கம்.

நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா ஆகியவை பிற மாநில உரிமத்தை ஏற்பதில்லை. இவற்றில் மேகசின் வரம்பு 10 தோட்டா, கொலராடோவில் 15. நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட் தோட்டாவை (முனையில் குழி உள்ளது) உடன் எடுத்துச் செல்லவும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. இப்படிப்பட்ட மாநிலத்தைக் கடக்கும்போது 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது: கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கி சட்டப்படி சரியாக இருந்தால், இடையில் உள்ள மாநிலத்தின் வழியாகக் கொண்டு போகலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, அமர்ந்திருப்பவர் கைக்கு எட்டக் கூடாது. ஓட்டுநர் பகுதியிலிருந்து தனியாகப் பிரிந்த டிக்கி இல்லாத வண்டியில், துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். முன்பக்கக் கையுறைப் பெட்டியும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியும் இதற்குச் செல்லாது. மோட்டார்ஹோம் (தானே ஓடும் ஆர்வி) முழுவதும் ஒரே அறை என்பதால் இந்த விதி அப்படியே உங்களுக்குப் பொருந்தும்.

இந்தப் பாதுகாப்பு கடந்து போவதற்குத்தான், தங்குவதற்கு அல்ல. பெட்ரோல் போட நிறுத்துவது வேறு, இரண்டு நாள் முகாமிட்டு ஊர் பார்ப்பது வேறு. நயாகராவையும் நியூயார்க் நகரத்தையும் பார்க்கும் திட்டம் இருந்தால், கைத்துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் சரி.

முகாம் இடத்தையும் பாருங்கள். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் பார்வையாளர் மையம் போன்ற கூட்டாட்சிக் கட்டிடத்துக்குள் கொண்டு போகக் கூடாது. ராணுவத்தின் பொறியியல் பிரிவான ஆர்மி கோர் ஆஃப் எஞ்சினியர்ஸ் நடத்தும் ஏரிக்கரை முகாம்கள் விலை குறைவு, இடம் அழகு என்று ஆர்வியாளர்கள் தேடிப் போவார்கள். அங்கே தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு விதிப்படி தடை. தனியார் முகாம் என்றால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

அலாஸ்காவுக்குச் சாலை வழியாகப் போவோர் கனடாவைக் கடக்க வேண்டும். கைத்துப்பாக்கியை நினைக்கவே வேண்டாம். சாதாரண நீள் துப்பாக்கிக்கு (ரைஃபிள், ஷாட்கன்), வெளிநாட்டவருக்கான அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, எல்லையில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, 25 கனடிய டாலர் கட்டினால் 60 நாள் செல்லும். ‘தற்காப்புக்கு’ என்ற காரணம் அங்கே எடுபடாது; காட்டுப் பகுதியில் விலங்குகளிடமிருந்து பாதுகாப்பு, வேட்டை, அலாஸ்காவுக்குக் கடந்து செல்வது ஆகியவையே ஏற்கப்படும் காரணங்கள். மனிதர்கள் மீது அடிக்கும் பெப்பர் ஸ்ப்ரேயும் அங்கே தடை. மெக்சிகோ எல்லையில் இருக்கைக்கு அடியில் மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டாவும் சிறைக்குக் கொண்டு போகலாம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவுக்குப் போகும் திட்டம் இருந்தால் வண்டியின் ஒவ்வொரு இழுப்பறையையும் காலி செய்து தேடுங்கள்.

மூன்றாம் படி: இது வீடா, வண்டியா?

‘ஆர்விதான் என் வீடு, நீதிமன்ற ஆணை இல்லாமல் போலீஸ் நுழைய முடியாது’ என்று நம்புபவர்கள் நிறைய. 1985-இல் கலிபோர்னியா எதிர் கார்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. சான் டியேகோவில் ஒரு வாகன நிறுத்தத்தில் நின்ற மோட்டார்ஹோமை அது வாகனமாகவே கருதியது. சாலையில் ஓடக்கூடிய நிலையில், குடியிருப்பு அல்லாத இடத்தில் நிற்கும் மோட்டார்ஹோமை, தகுந்த முகாந்திரம் இருந்தால் ஆணையின்றியே சோதிக்கலாம். தண்ணீர், மின்சார இணைப்புகளோடு முகாமில் நிலையாக நிற்கும் வண்டி பற்றி நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. வீட்டைக் காக்கும் உரிமை ஆர்விக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வால்மார்ட் வாசலில் ஓர் இரவு நிற்கும்போது நீங்கள் வண்டிக்குள் இருப்பதாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: சுவரைத் தட்டிப் பாருங்கள்

ஆர்விச் சுவரைப் பிரித்தால் வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு, நடுவே தெர்மாகோல் போன்ற நுரை, உள்ளே 3 மி.மீ. பிளைவுட். மொத்தம் இரண்டு அங்குலம்கூட இராது. எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் இதைத் துளைத்து அடுத்த வண்டிக்குள்ளும் போகும். பல தனியார் முகாம்களில் அடுத்த வண்டி 15, 20 அடியில் நிற்கிறது, அதன் சுவரும் இதே போலத்தான். ஹாலோ பாயின்ட் தோட்டா மனித உடலில் விரிந்து நிற்க வடிவமைக்கப்பட்டது. தப்பிப் போய்ச் சுவரில் பட்டால் அதன் முனைக்குழி பிளைவுட்டாலும் நுரையாலும் அடைபட்டு, சாதாரணத் தோட்டா போலவே துளைத்துப் போகும்.

ஆகவே சுவரில் நிற்கும் தோட்டா எது என்று தேடுவது வீண். ஷாட்கனில் பறவைக்குச் சுடும் சிறு குண்டுகள் சுவரைக் குறைவாகத் துளைக்கும். தாக்குபவரை நிறுத்தும் ஆழத்துக்கும் அவை போகாது. சரியான வழி, சுடும் திசையை முன்பே தீர்மானிப்பதுதான். ஒவ்வொரு முகாமிலும் வண்டியை நிறுத்தியதும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். படுக்கையிலிருந்து கதவை நோக்கினால் அதன் நேர் பின்னே என்ன இருக்கிறது: மண்மேடா, காடா, பக்கத்துக் குடும்பத்தின் படுக்கையா? முடிந்தால் கதவுப் பக்கம் வெட்டவெளியோ மேடோ இருக்கும் இடமாகக் கேட்டு வாங்குங்கள். சுட முடியாத திசை எது என்பது வண்டியில் உள்ள இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காதையும் யோசியுங்கள். 140 டெசிபலுக்கு மேலான ஓசை ஒரே முறை கேட்டாலே செவித்திறனைக் கெடுக்கும். ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கி வெடியும் அதைத் தாண்டும். அத்தனை சிறிய அறையில் அது இன்னும் மோசம். குறுங்குழல் ரிவால்வரில் .357 மேக்னம் என்ற வலிமையான தோட்டாவைப் போடாதிருக்க இதுவே போதுமான காரணம்.

ஐந்தாம் படி: இப்போது துப்பாக்கி

நடு அளவு 9 மி.மீ. பிஸ்டல். ஒரே மாநிலத்திலோ, உரிமத்தை ஏற்கும் அண்டை மாநிலங்களிலோ சுற்றுபவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. இரண்டடி அகல நடைவழியில் ஒரு கையால் கையாளலாம், மறு கை கதவுக்கும் டார்ச்சுக்கும் கிடைக்கும். கிளாக் 19 போன்றவற்றின் குழல் 4 அங்குலம், மேகசினில் 15 தோட்டா. பல மாநிலம் கடப்பவர் தொடக்கத்திலேயே 10 தோட்டா மேகசின் வாங்கிவிட்டால் எல்லையில் மாற்றும் தலைவலி இல்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டிப் பிஸ்டலை ஆர்விக்கென்று வாங்காதீர்கள். உடலில் மறைக்கத்தான் அந்த அளவு. பெட்டியில் வைப்பதற்குச் சற்றுப் பெரியதே நல்லது, உதைப்பு குறைந்து குறி கூடும்.

பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கக் கை வலு போதாதவர்களுக்கு, குறிப்பாக மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு, எளிதாக இழுபடும் மாதிரிகள் தனியாக உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி ஒன்று. ‘வயதானவருக்குச் சின்ன ரிவால்வர்’ என்று கடையில் சொல்லக்கூடும். எடை குறைந்த ஐந்து தோட்டா ரிவால்வரின் விசையை இழுக்க 10 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் வேண்டும், உதைப்பும் பலம். ரிவால்வர்தான் வேண்டுமென்றால் எஃகுச் சட்டம் கொண்ட கனமான ஒன்றை எடுத்து .38 ஸ்பெஷல் தோட்டாவோடு பயன்படுத்துங்கள்.

பம்ப் ஷாட்கன். குழலுக்கு அடியில் உள்ள பிடியை (பம்ப்) பின்னிழுத்து முன்தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 போன்றவை பெரும்பாலான மாநிலங்களில் கேள்வி குறைந்தவை, கனடா வழியாகவும் போகக்கூடியவை. குழல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. 18.5 அங்குலக் குழல் உள்ளது மொத்தம் மூன்றடிக்கு மேல் நீளும். படுக்கையிலிருந்து கதவுப் பக்கம் திருப்பினால் அலமாரியில் இடிக்கும். வாங்கும் முன் அதே நீளத் துடைப்பக் குச்சியை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டிக்குள் திரும்பிப் பாருங்கள். 12 கேஜின் (கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அகல அளவு; எண் கூடினால் குழல் சிறிது) உதைப்பு பழகாதவரைப் பயமுறுத்தும். இருவர் பயன்படுத்துவதானால் 20 கேஜ் எடுங்கள். பதற்றத்தில் பம்ப்பை முழுவதும் பின்னிழுக்காமல் பாதியிலேயே முன்னுக்குத் தள்ளுவதுதான் புதியவர் செய்யும் பெரிய தவறு. தோட்டா சிக்கிக்கொள்ளும்.

லீவர் ரைஃபிள். விசைக்கு அருகே உள்ள நெம்புகோலை அசைத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது. கடைக்காரர் முதலில் காட்டமாட்டார், ஆனால் நீண்ட பயணத்துக்கு இதையே பரிந்துரைப்போம். .357 அளவு லீவர் ரைஃபிளில் .38 ஸ்பெஷலும் போடலாம். உதைப்பு மிதமாகவும், நீண்ட குழலால் ஓசை ரிவால்வரை விடக் குறைவாகவும் இருக்கும். பிரியக்கூடிய மேகசின் இல்லை, தாக்குதல் ரைஃபிள் தடைச் சட்டங்களிலும் இது சிக்குவதில்லை. ஏஆர்-15 வகை அரைத் தானியங்கி ரைஃபிளைக் கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் என்று பல மாநிலங்கள் தடுக்கின்றன, அதை வைத்துக்கொண்டு நாடு சுற்ற முடியாது. நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், நியூயார்க் நகரம் போன்ற சில இடங்கள் நீள் துப்பாக்கிக்கும் அட்டையோ உரிமமோ கேட்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆறாம் படி: பெட்டியும் அதன் இடமும்

முகாமில் நிற்கும்போது சட்டம் அனுமதித்தால் தோட்டா நிரப்பிய துப்பாக்கி, விசையை மூடும் கெட்டியான உறைக்குள், சிறு எஃகுப் பெட்டியில், படுக்கைக்கு எட்டும் இடத்தில். வண்டி ஓடும்போது காலியாக, அதே பெட்டியில் பூட்டி. பெட்டிக்கு இயந்திரப் பொத்தான் பூட்டே மேல். கைரேகைப் பூட்டு ஈர விரலுக்குத் திறக்காமல் போகலாம், குளிரில் பேட்டரி சோரும்.

வெளிப்புறச் சாமான் அறைகளில் வைக்கவே கூடாது. எண்ணற்ற ஆர்விகளின் சாமான் அறைக் கதவுகள் சி.எச். 751 என்ற ஒரே சாவிக்குத் திறக்கும். அந்தச் சாவி சில டாலருக்கு எல்லோருக்கும் கிடைக்கிறது. உள்ளே வைத்தாலும் பெட்டியைப் பிணைக்க வேண்டும், இல்லையென்றால் திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான். கட்டில் சட்டத்திலோ உலோகச் சட்டத்திலோ கால் அங்குல போல்ட்டும் பின்னால் ஒரு தகடும் வைத்து முடுக்குங்கள். துளை போடும் முன் அடியில் பாருங்கள்; கட்டிலுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியோ மின் கம்பிகளோ எரிவாயுக் குழாயோ போகலாம். வெளியே தள்ளும் ஸ்லைடு அறையில் பொருத்துவதானால், அறையை உள்ளே இழுத்த நிலையிலும் பெட்டி திறக்கிறதா, எங்காவது இடிக்கிறதா என்று சோதியுங்கள்.

ஏழாம் படி: வாங்குவதும் பழகுவதும்

கைத்துப்பாக்கியைச் சொந்த மாநிலத்தில்தான் பெற முடியும். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்க 21 வயது வேண்டும். கடையில் வாங்கும்போது நிரப்பும் கூட்டாட்சிப் படிவமான 4473-இல் தபால் பெட்டி முகவரி ஏற்கப்படாது. ஆண்டு முழுவதும் ஆர்வியிலேயே வாழ்வோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டை விற்றுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

வாங்கும் முன் இரண்டு மூன்று மாதிரிகளை வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றிலும் 50 தோட்டா சுட்டுப் பாருங்கள். வண்டியில் இருக்கப் போகும் இருவரும் (சட்டப்படி தகுதி இருந்தால்) சுட வேண்டும். வாங்கிய பின் பயணத்துக்கு முன் குறைந்தது 250 பயிற்சித் தோட்டா. அதோடு வண்டியில் வைக்கப் போகும் அதே தற்காப்புத் தோட்டாவில் 50. சிக்கல் இருந்தால் அந்த 50-இல் தெரிந்துவிட வேண்டும். தூரம் 5 மீட்டர் போதும், ஆர்விக்குள் பெரும்பாலும் அதற்கு மேல் தேவைப்படாது. டார்ச்சைத் துப்பாக்கியில் மாட்டாமல் தனியாகக் கையில் வைத்துப் பழகுங்கள். ராத்திரி சத்தம் கேட்டு வெளிச்சம் அடித்தால் எதிரே நிற்பது பெரும்பாலும் தன் வண்டியைத் தேடும் பக்கத்து முகாம்காரர்தான், அவர்மீது குழலை நீட்டக் கூடாது.

கரடி விரட்டும் ஸ்ப்ரே ஒன்றும் வாங்குங்கள். அதைக் கொண்டு சுடும் நிலைக்குப் போகாமலேயே விலங்கைத் தடுக்கலாம். சுமார் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்தக் குப்பி வெடிக்கக்கூடும், கண்ணாடி அருகே வைக்காதீர்கள். மோட்டார்ஹோமில் படுக்கையிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு உள்ளேயே போகலாம் என்பதால், மூக்கு சாலையைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தி, சாவியை இடத்தில் வைத்திருந்தால் ஓட்டிக்கொண்டு போய்விடுவதே முதல் தற்காப்பு. இழுவை டிரெய்லரில் அது முடியாது. வெளியே இறங்க வேண்டும். டிரெய்லர்காரர்களுக்குக் கதவுப் பூட்டும் வெளி விளக்கும் அதனாலேயே கூடுதல் முக்கியம்.

எட்டாம் படி: சாலையில்

தினமும் தோட்டாவை ஏற்றி இறக்கினால் ஒரே தோட்டா மீண்டும் மீண்டும் குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் இடிபட்டு, அதன் ஈயமுனை உறைக்குள் அமிழும். அமிழ்ந்ததைச் சுட்டால் அழுத்தம் அபாயமாக ஏறும். வாரம் ஒருமுறை மேல் தோட்டாவைப் புதிய ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்; உயரம் குறைந்திருந்தால் ஒதுக்குங்கள். சாலை அதிர்வில் குறிக்கருவித் திருகுகள் தளரும். சமையல் ஆவியும் மூச்சும் இரவில் பெட்டிக்குள் நீராகப் படியும். ஒரு சிலிக்கா ஜெல் பை, மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணி.

போலீஸ் நிறுத்தினால் உள் விளக்கைப் போட்டு, இரு கைகளையும் ஸ்டியரிங்மேல் வையுங்கள். அலாஸ்கா, மிச்சிகன், நார்த் கரோலினா போன்ற மாநிலங்களில் உடன் துப்பாக்கி இருப்பதை நீங்களே முதலில் சொல்ல வேண்டும். கேட்காத மாநிலத்திலும், அதிகாரி கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பதிவுத் தாள்களும் காப்பீடும் பெட்டிக்கு அருகே இருக்கக் கூடாது. முன்பக்கத்தில் தனி உறையில் வையுங்கள். தாள் எடுக்கப் போன கை துப்பாக்கிப் பெட்டியை நோக்கிப் போவதாக அதிகாரிக்குத் தோன்றக் கூடாது.